கூத்தாடி என்றொரு சொல்

மனிதரைப் போலவே சொற்களுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே ‘ராக்’ என்ற ஒரே சொல் தேவாலயப் பாட்டில் பக்திப் பரவசத்தையும், புளூஸ் பாட்டில் சிற்றின்பத்தையும் சுட்டியது. தமிழில் ‘கூத்து’ அத்தகைய சொல். நான் வளர்ந்த அம்பர்நாத்தில் 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டுடைய சிவன் கோயில் இருக்கிறது. அந்தச் சிவனைத் திருவாசகம் கூத்தன் என்று போற்றுகிறது. அதே அம்பர்நாத்தில், உருப்படாத பிள்ளையைத் தமிழ்ப் பெற்றோர் ‘கூத்தாடி’ என்று ஏசவும் கேட்டிருக்கிறேன். தெய்வத்துக்கானால் புகழ்; மனிதனுக்கானால் வசை! அந்த வசையைத் தாமே விரும்பி ஏற்ற பெரும்புலவர் ஒருவரைத் தோழர்களுக்கு நினைவூட்ட விழைகிறேன்.

அவர்தாம் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். உப்பளத்தில் கணக்கர் வேலை பார்த்தார். வெண்பாவும் விருத்தமும் பாட வல்லவர். கையிலே வேலையும் இருந்தது. குறையென்ன? ஆயினும் 24ஆம் வயதில் அதை உதறிவிட்டு நாடக மேடை ஏறினார். எமனாகவும் இரணியனாகவும் இராவணனாகவும் வேடம் புனைந்தார்.

நடிகர்கள் மனம்போனபடி பேசிய காலம் அது. அம்மேடைக்குப் பாட்டையும் உரையாடலையும் வரையறுத்து எழுதித் தந்தார் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய நாடகங்களில் புலவரின் சந்தமும் பாமரரின் சிந்தும் கைகோத்தன. 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கு வளர்ந்தவர்களே. மணம் செய்யாமல் துறவிபோல் வாழ்ந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்தார்.

அவர் வாழ்வில் நான் வியப்பது இதுதான்: ஆண்டவனைக் கூத்தன் என்றது தமிழ், கூத்தாடியைச் சுவாமிகள் என்றது தமிழ் மேடை. தாழ்ந்த சொல்லை அவர் வாதாடி உயர்த்தவில்லை, வாழ்ந்து உயர்த்தினார்.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் விடிய விடிய நடக்கிறது. வசைச்சொல்லோ இன்னும் மாயவில்லை. நம் சங்க விழாவில் வேடமிடும் தோழரை எவரேனும் கூத்தாடி என்று இகழ்ந்தால், தலைகுனிய வேண்டாம். அது தில்லையில் ஆடுபவனுக்கும் உரிய பெயர் என்று சொல்லுங்கள்.