உழைத்துக் கற்க வழிகாட்டிய கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்

ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களும் சிராவகர்க்குரிய கடமைகளாக ஜினாகமம் விதித்தவை. இந்நான்கினையும் ஒரே கூரையின்கீழ் இளம் மாணவர்க்கு வழங்கியதோடு, கொடை பெறுவோராக வந்த அச்சிறுவர்களையே கொடுப்போராக உயர்த்திய பெருமகனார் ஒருவர் மராட்டிய மண்ணில் வாழ்ந்தார். மக்கள் கர்மவீரர் எனப் போற்றிய பாவுராவ் பாட்டீலே அவர்.

கோலாப்பூரை அடுத்த கும்போஜ் என்னும் சிற்றூரில் 1887 செப்டம்பர் 22 அன்று ஒரு திகம்பர சமண வேளாண் குடும்பத்தில் அவர் பிறந்தார். பாகுபலி குன்றம் என்று சமணர் யாத்திரை செல்லும் தலத்திற்கு அண்மையில் உள்ளது அவ்வூர். தந்தை பாயகொண்டா, தாயார் கங்காபாய். படிப்பில் பாவுராவ் முதன்மை பெற்றவரல்லர். மெட்ரிகுலேசன் வரையிலான கல்வியைக்கூட அவர் நிறைவு செய்யவில்லை. ஆயினும் அநீதி கண்டு பொறாத நெஞ்சம் இளமையிலேயே அவர்க்கு வாய்த்திருந்தது.

உயர்நிலைக் கல்விக்காகக் கோலாப்பூர் சென்ற அவர் அங்கிருந்த சமண மாணவர் விடுதியில் தங்கினார். அந்நகரில் 1908-இல் தீண்டாமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகளுக்கென ஒரு விடுதி திறக்கப்பட்டது. அத்திறப்பு விழாவிற்குப் பாவுராவ் சென்றார். திரும்பியவர் நீராடி உடைமாற்றிய பின்னரே உணவறை புகவேண்டும் என்றனர் விடுதியினர். மனிதரோடு அமர்ந்து வந்ததனால் தீட்டு உண்டாயிற்று என்பதை ஏற்க அவர் மனம் ஒருப்படவில்லை. அதன் விளைவாக விடுதியை விட்டு வெளியேற நேர்ந்தது. எல்லா உயிரும் ஒரு தன்மையன என்னும் அறத்தைப் போற்றும் சமூகத்தார் நடத்திய விடுதியிலேயே இது நிகழ்ந்தது என்பது மறக்கத்தக்கதன்று. மன்னர் சாகு மகாராஜாவின் ஆதரவில் அவர் சில காலம் தங்கினார். பின்னாளில் அவர் எழுப்பிய விடுதிகள் யாவும் அன்றைய நிகழ்ச்சிக்கு அவர் செயலால் அளித்த விடையெனலாம்.

சில ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு சோதனை வந்தது. கோலாப்பூரில் சிலையொன்றின்மீது தார் பூசப்பட்ட வழக்கில், அச்சமண விடுதியோடு நெருங்கிய தொடர்புடைய அண்ணாசாகேப் லட்டே மீது பழி சுமத்த முயன்றனர். அவருக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறுமாறு பாவுராவை வற்புறுத்தினர். விடுதியால் தாம் பட்ட துன்பத்தை நினைந்து பழிதீர்க்க அதுவே வாய்ப்பு எனப் பிறர் கருதியிருக்கலாம். அவரோ சத்திய அணுவிரதத்தினின்று வழுவாமல் மறுத்தார். சிறைவாசத்தையும் கொடுமையையும் தாமே ஏற்றார்.

அதன்பின் கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பைகளை விற்கும் முகவராக அவர் ஊர் ஊராகச் சென்றார். உழவர் வறுமைக்கு எழுத்தறியாமையே வேர் என்பதை அப்பயணங்களில் கண்டார். 1919-இல் காராட் நகரின் அருகிலுள்ள காலே என்னும் ஊரில் ரயத் சிக்ஷண சன்ஸ்தா என்னும் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். ரயத் என்பது குடியானவரைக் குறிக்கும் சொல். ஆலமரத்தை அதன் சின்னமாகக் கொண்டார். விழுது ஊன்றும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதிய மரம் எழ வேண்டும் என்பது அவர் கருத்து.

1924-இல் நிறுவனம் சாதாராவுக்கு மாறியது. அங்கு அவர் அமைத்த விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாய்ச் சமைத்து, ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். மாவரைத்தல், விறகு கொணர்தல், வளாகம் துப்புரவு செய்தல், நிலம் திருத்திப் பயிரிடுதல் ஆகிய பணிகளை மாணவர்களே பகிர்ந்துகொண்டனர். ஊர்ப் பெண்டிர் நாள்தோறும் ஒரு பிடி தானியம் எடுத்துவைத்து உதவினர். 1927-இல் காந்தியடிகள் அங்கு வருகை தந்து, அவ்விடுதிக்குச் சத்திரபதி சாகு பெயரைச் சூட்டினார்.

இப்பணியில் பாதிச் சுமையைத் தாங்கியவர் அவர்தம் துணைவியார் இலட்சுமிபாய். ஆசாரம் மிக்க சமணக் குடும்பத்தில் வளர்ந்த அவ்வம்மையார், பிறப்பு வேற்றுமை பாராது அத்தனை பிள்ளைகளுக்கும் தாயானார். பொருள் முட்டுப்பட்டபோதெல்லாம் அவர் அணிகலன்கள் ஒவ்வொன்றாக விலையாயின. கணவர் ஊரில் இல்லாத ஒருநாள், விடுதியில் தானியம் அற்றுப் பிள்ளைகள் பசித்திருக்கக் கண்டு, தம் திருமாங்கல்யத்தையும் கழற்றிக் கொடுத்தார். 1930-இல் அவர் மறைந்தார்.

துணையை இழந்தபோதும் பாவுராவின் பணி தளரவில்லை. சிற்றூர்களுக்கு ஆசிரியர் வேண்டுமென 1935-இல் சாதாராவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். பள்ளியே காணாத மலைப்புறச் சிற்றூர்களில் தன்னார்வத் தொடக்கப் பள்ளிகள் பல எழுந்தன. 1940-இல் மகாராஜா சயாஜிராவ் பெயரில் உயர்நிலைப் பள்ளி ஒன்று நிறுவினார். அங்கே ஏழை மாணவர் கட்டணமின்றிப் பயின்றனர். தம் உணவுக்கும் கல்விக்கும் உழைப்பையே விலையாகத் தந்தனர். 1947-இல் சத்திரபதி சிவாஜி கல்லூரி உருவாயிற்று.

தலைமைப் பண்பைத் தனிப்பாடமாக வைத்து அவர் கற்பிக்கவில்லை. பதினான்கு வயதுச் சிறுவனிடம் நூறு பேருக்கான உணவின் பொறுப்பை ஒப்படைத்தால், பசியின் மதிப்பை அவன் உணர்வான். கரடான நிலத்தைத் தன் கையால் திருத்தியவன் உழைப்பவரை இகழான். பிற குலத்துத் தோழனோடு ஒருங்கே உண்டவன் ஊர்த் தலைவனாகும்போது எவரையும் விலக்கி வையான். தம்மைத் தாமே ஆளவும் பிறர்க்குப் பணி செய்யவும் இளமையிலேயே பழகுவதே தலைமை என்பதை அவ்விடுதி வாழ்வு புகட்டியது.

1959-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. புணே பல்கலைக்கழகமும் டாக்டர் பட்டம் வழங்கியது. மெட்ரிகுலேசன் தேறாதவரைப் பல்கலைக்கழகம் போற்றிய அவ்வாண்டிலேயே, மே 9 அன்று, அவர் காலமானார். இன்று அவர் நட்ட ஆலமரம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளோடு தழைத்து நிற்கிறது.

ஜினாலயத் திருவிழாக்களில் தண்ணீர்ப் பந்தல் முதல் பந்தி பரிமாறுதல் வரை இளையோர் ஏற்கும் பணிகள் சிறியனவாகத் தோன்றலாம். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளை நம்பி முழுப் பொறுப்பையும் ஒப்படைக்கும் இல்லங்களிலும் ஊர்களிலும், அப்பணிகளே நாளைய சமூகத்தைத் தாங்கும் விழுதுகளாகும். கர்மவீரரின் வாழ்வு காட்டும் அறம் இதுவே.