புதுச்சேரி போகிறீர்களா? ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டையும் பார்த்து வாருங்கள்



நீண்ட விடுமுறை வந்தால் நம் பார்க்கிங்கில் பாதி கார்கள் காணாமல் போய்விடுகின்றன. பெரும்பாலானவை ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்குத்தான். கடற்கரைச் சாலையில் நடை, மஞ்சள் சுவர் முன்னால் செல்ஃபி, ஒரு காபி. அந்த ஊர் ஒரு காலத்தில் எதை நம்பிப் பிழைத்தது என்று யோசித்திருக்கிறீர்களா? துணி வியாபாரத்தை நம்பித்தான். அந்தக் காலத்தை நமக்கு எழுதி வைத்துப் போனவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

அவர் நம்ம ஊர்க்காரர் என்பது பலருக்குத் தெரியாது. 1709-இல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். மாமா நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமை துபாஷி. அதாவது மொழிபெயர்ப்பாளர், தரகர் இரண்டும் அவரே. மாமாவின் அழைப்பில் ரங்கப் பிள்ளையின் தந்தை திருவேங்கடம் பிள்ளை அங்கே குடியேறினார். ஆனால் கவர்னரின் கோபத்துக்கு ஆளான மாமா, சிறையிலேயே 1717-இல் இறந்தார். பதவி எவ்வளவு ஆபத்தானது என்பதை ரங்கப் பிள்ளை எட்டு வயதிலேயே பார்த்துவிட்டார்.

இளைஞரானதும் பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணி வேலைகளைக் கவனித்தார். சொந்தமாகவும் வியாபாரம் செய்தார். ஆனந்தப் புரவி என்று ஒரு கப்பலே அவருக்கு இருந்தது. அப்போது புதுச்சேரியில் கப்பல் கரையோடு வந்து நிற்க வசதி கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட, சலங்கு என்னும் படகுகள் அலைகளைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கின. கப்பல் வந்தால் ஊரில் பணம் புழங்கும். வராவிட்டால் நெசவாளி முதல் கவர்னர் வரை எல்லோருக்கும் கவலைதான்.

1736 செப்டம்பரில் அவர் தினமும் குறிப்பு எழுத ஆரம்பித்தார். கப்பல் வரவு, துணி விலை, கடன், வழக்கு, வம்பு எதையும் விடவில்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததையும் எழுதினார். அடுத்த ஆண்டு, டூப்ளே கவர்னராக இருந்தபோது, தலைமை துபாஷி ஆனார். 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டதும் இவர் செல்வாக்கும் சரிந்தது. 1756-இல் பதவி போனது. உடல்நிலையும் கெட்டது. குறிப்பு எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

1761 ஜனவரி 12. ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் அவர் இறந்தார். நான்கே நாளில் புதுச்சேரி வீழ்ந்தது. பிறகு ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்து, 1765-க்குப் பிறகுதான் அந்தப் பகுதி மறுபடி எழுந்தது. ஆக, நாம் போட்டோ எடுக்கும் பிரெஞ்சுத் தெருக்கள் பெரும்பாலும் அவர் பார்க்காதவை!

அதன் பின் சென்னைத் துறைமுகம் வளர வளர, இங்கே கப்பல் போக்குவரத்து குறைந்தது. இரும்புப் பாலம் போட்டுச் சரக்கு இறக்கினார்கள். 1952 புயலில் அதுவும் விழுந்தது. அதன் மிச்சத் தூண்களைத்தான் இன்று சூரிய உதயத்தோடு படம் பிடிக்கிறோம். வியாபாரிகளை நம்பியிருந்த கடற்கரை இப்போது விருந்தாளிகளை நம்பியிருக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஊர் பிழைக்க வேண்டுமே. ஆனால் விருந்தாளிக்குப் பிடித்த பகுதி மட்டும் வெள்ளையடித்து நிற்க, அந்த ஊருக்குச் சோறு போட்ட பகுதி மறந்துபோகக் கூடாது.

அவருடைய குறிப்புகளும் கிட்டத்தட்ட மறந்துபோனவைதான். 1846-இல் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டன. ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தன. எழுத்தாளர் பிரபஞ்சன் அவற்றை வைத்து எழுதிய 'வானம் வசப்படும்' நாவல் 1995-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது.

அடுத்த முறை போகும்போது வாய்க்காலைத் தாண்டி, பெரிய மார்க்கெட் பக்கம் கொஞ்சம் நடங்கள். ரங்கப் பிள்ளை வீதி அவர் பெயரில்தான் இருக்கிறது. கீழ்த்தளம் நம் ஊர் மரத்தூண்கள், மேல்தளம் பிரெஞ்சு பாணித் தூண்கள் என்று அவர் வீடு இன்னும் நிற்கிறது. வெளியே இருந்து பார்த்தாலும் போதும். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். யார் வீடு என்று கேட்டால், பெரம்பூர்த் தாத்தா ஒருவர் தினமும் டைரி எழுதிய கதையைச் சொல்லுங்கள்.