சுத்தியல் பிடித்த சிற்பி

படிச்சது ஒண்ணு, பார்க்கிற வேலை வேறொண்ணு என்று புலம்பாத ஆள் நம்ம ஹாஸ்டலில் உண்டா? மெக்கானிக்கல் முடிச்சிட்டு கோடிங் பக்கம் போகப்போற நீங்க, இந்த மனுஷனைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். பெயர் ஜார்ஜ் யென்சன். டென்மார்க்காரர்.

1866 ஆகஸ்ட் 31 அன்று, கோபன்ஹேகனுக்கு வடக்கே காடு சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு அங்கிருந்த கத்தித் தொழிற்சாலையில் சாணை பிடிக்கிற வேலை. பையன் பதின்ம வயதிலேயே கோபன்ஹேகனில் ஒரு பொற்கொல்லரிடம் வேலை பழகப் போய்விட்டான். 1884-இல் பயிற்சி முடிந்தது. கையில் தொழில் இருந்தது. மனசோ சிற்பத்தில் இருந்தது. விடவில்லை அவர். அரச கலைக் கழகத்தில் சேர்ந்து 1892-இல் சிற்பியாகவே வெளியே வந்தார்.

அப்புறம்தான் சோதனை ஆரம்பம். சிலை செய்தால் பாராட்டு கிடைத்தது, சாப்பாடு கிடைக்கவில்லை. 1897-இல் மனைவி இறந்துபோனார். கையில் இரண்டு சின்னப் பையன்கள். பீங்கான் தொழிற்சாலையில் உருவம் வார்க்கும் வேலைக்குப் போனார். நண்பர் ஒருவரோடு சேர்ந்து மண்பாண்டமும் செய்தார். அது 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் கவனம் பெற்றும், வயிறு நிறையவில்லை. உதவித்தொகையில் பிரான்ஸ், இத்தாலி பக்கம் சுற்றியபோது ஒன்று கவனித்தார்: கோப்பை, விளக்கு, நகை மாதிரி அன்றாடப் பொருள்களையும் அங்கே கலைஞர்கள் மதித்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும், சின்ன வயசில் கற்ற தொழிலையே மறுபடி கையில் எடுத்தார். 1904-இல் கோபன்ஹேகனின் பிரெட்கேட் தெருவில் சொந்தப் பட்டறை போட்டார். அப்போது அவருக்கு வயது 37!

முதலில் விற்றது நகைதான். வைரம், தங்கம் பக்கமே போகவில்லை. வெள்ளியில் ஆம்பர், நிலாக்கல் போன்ற மலிவான கற்களைப் பதித்தார். பெரிய பணக்காரர் இல்லாதவரும் வாங்க முடிந்தது. பிறகு பாத்திரங்கள் வந்தன. மூடியின் உச்சியில் மலர் ஒன்று உட்கார்ந்திருக்கும் 1905-ஆம் ஆண்டு டீ பாட் இன்றும் பேசப்படுகிறது.

இதில் நம்ம பாடமும் இருக்கு. சுத்த வெள்ளி ரொம்ப மென்மை. அதனால்தான் ஸ்டெர்லிங் என்கிற கலவையில் 92.5 சதவீதம் வெள்ளியும், மீதி பெரும்பாலும் செம்பும் இருக்கும். தட்டையான தகட்டை இரும்புத் தாங்கியின் மேல் வைத்துத் தட்டித் தட்டியே பாத்திரமாக எழுப்ப வேண்டும். தட்டத் தட்ட உலோகம் இறுகும். வொர்க் ஹார்டனிங் என்று பரீட்சைக்குப் படிச்சோமே, அதேதான்! இறுகினதைச் சூடாக்கி இளக வைத்து, மறுபடி தட்டணும். இல்லைன்னா விரிசல் விழும். ஒரு பாத்திரத்துக்கு இது பல சுற்று நடக்கும்.

மற்றவர்கள் கடைசியில் சுத்தியல் தடத்தைத் தேய்த்து மறைப்பார்கள். யென்சன் மெல்லிசாக அதை விட்டுவைத்தார். வெளிச்சம் பளீரென அடிக்காமல் நிலா வெளிச்சம் மாதிரி பரவும். இலை, திராட்சைக் கொத்து போன்ற வேலைப்பாட்டைக் கறுப்பேற்றி, மேடுகளை மட்டும் மெருகேற்றுவார். பள்ளத்தில் நிழல் தங்கிவிடும். சிற்பி கண் வேறெங்கும் போகவில்லை, பாருங்க.

எல்லாம் நானே என்றும் அவர் இருக்கவில்லை. ஓவியர் யோஹன் ரோதே போன்றவர்கள் பட்டறைக்கு வடிவம் கொடுத்தார்கள். அவரவர் பெயருக்கு உரிய மரியாதையும் கிடைத்தது. ரோதே 1920-இல் வரைந்த வழவழப்பான கூஜா ஒன்று காலத்துக்கு ரொம்ப முந்தியதாகத் தோன்றியதால், 1925-இல்தான் விற்பனைக்கு வந்தது.

பெர்லினில் கடை, நியூயார்க்கில் கடை என்று பட்டறை வளர்ந்தது. வளர வெளிப்பணம் வேண்டியிருந்தது; பணத்தோடு பங்குதாரர்களும் வந்தார்கள். மெல்ல மெல்ல, தன் பெயர் தாங்கிய கம்பெனி தன் கையை விட்டே போனது. மனம் நொந்து 1920-களின் நடுவில் பாரிஸ் போய்த் தனிப் பட்டறை போட்டுப் பார்த்தார். சரிவரவில்லை. திரும்பி வந்தார். இதற்கிடையில் மேலும் இரண்டு மனைவியரை மரணத்துக்குப் பறிகொடுத்திருந்தார். 1935 அக்டோபர் 2 அன்று காலமானார்.

அவர் செய்த சிலைகளைத் தெரிந்தவர்கள் இன்று குறைவு. அவர் பட்டறையின் கோப்பைகளும் கரண்டிகளும் நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வேறு வழியில்லாமல் எடுத்த வேலைதான். ஆனால் அதற்குள்ளே அவர் கற்ற சிற்பம் முழுசாக இறங்கியிருக்கிறது. நாளைக்கு நீங்க எந்த வேலையில் உட்கார்ந்தாலும், படிச்சதை வாசலிலேயே கழற்றி வச்சிட்டு உள்ளே போகாதீங்க.