பிளேக் படியை நிறுத்திய மில் முதலாளிகள். எதிர்த்து நின்ற முதலாளியின் அக்கா! யார் இந்த அனசூயா சாராபாய்?

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தீபாவளி நெருங்கினால் தறிப்பட்டறைகளில் ஒரே பேச்சுதான். இந்த வருஷம் போனஸ் எத்தனை சதவீதம்? உரிமையாளர்கள் தரப்பு ஓர் எண்ணைச் சொல்லும். தொழிற்சங்கம் வேறோர் எண்ணைச் சொல்லும். ரெண்டுக்கும் நடுவில் எங்கேயோ பேச்சுவார்த்தை முடியும்.

இந்தச் சதவீதப் பேரத்துக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கதை இருக்கிறது. அது நடந்தது அகமதாபாத்தில், அதுவும் ஒரு கொள்ளைநோய்க் காலத்தில். நோய் பரவியபோது தொழிலாளர்களுக்குக் கூடுதல் பணம் கொடுத்த மில் முதலாளிகள், நோய் அடங்கியதும் அதை நிறுத்தினார்கள். எதிர்த்துக் கிளம்பிய தொழிலாளர்களுக்குத் துணையாக நின்றவர், அந்த முதலாளிகளுக்கே தலைமை வகித்தவரின் கூடப்பிறந்த அக்கா.

யார் இவர்?

அனசூயா சாராபாய் 1885 நவம்பர் 11 அன்று அகமதாபாத்தின் பெரும் பணக்காரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தம்பி அம்பாலால், பிற்காலத்தில் ஊரின் முக்கியமான மில் அதிபர் ஆனார். அம்பாலாலின் மகன்தான் இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப்படும் விக்ரம் சாராபாய். அந்த வகையில் அனசூயா விக்ரமுக்கு அத்தை.

சின்ன வயதிலேயே பெற்றோர் இறந்துவிட, சித்தப்பா வீட்டில்தான் வளர்ந்தார்கள். 13 வயதில் அனசூயாவுக்குக் கல்யாணம் ஆனது. அது நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அந்தக் காலத்தில் இப்படித் திரும்பிய பெண்ணுக்கு அடுப்படியும் பூஜை அறையும்தான் மிச்சம். ஆனால் தம்பி அம்பாலால் அக்காவின் படிப்புக்குத் துணை நின்றார். 1912-ல் அனசூயா இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

மருத்துவம் படிக்கத்தான் போனார். ஆனால் உயிரினங்களை அறுத்துப் பார்க்கும் வகுப்புகள், அவர் வளர்ந்த சமண நெறிக்கு ஒத்துவரவில்லை. லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்கு மாறினார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு அங்கே நடந்த போராட்டங்களையும், ஃபேபியன் சோஷலிஸ்டுகளின் சிந்தனையையும் கிட்டத்திலிருந்து பார்த்தார். 1913-ல் ஊர் திரும்பினார்.

எது அவரை மாற்றியது?

ஊர் திரும்பியவர் மில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். பெண்களுக்குப் பிரசவ உதவி, கழிப்பிட வசதி என்று வேலையில் இறங்கினார். ஒருநாள் தள்ளாடியபடி நடந்துபோன பெண் தொழிலாளர்களிடம் என்ன ஆச்சு என்று விசாரித்தார். தொடர்ந்து 36 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது தெரியவந்தது.

பள்ளிக்கூடமும் மருந்தும் மட்டும் போதாது, வேலை நேரத்தையும் கூலியையும் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அதற்குப் பிறகுதான். தொழிலாளர்கள் அவரை மோட்டாபென் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். குஜராத்தியில் பெரியக்கா என்று அர்த்தம்.

பிளேக் படி என்பது என்ன?

1896-ல் பம்பாய்க்கு வந்த பிளேக், அடுத்த இருபது முப்பது வருஷங்களில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கோவைப் பக்கம் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

1917-ல் அகமதாபாத்தில் பிளேக் கடுமையாகப் பரவியது. உயிர் தப்பினால் போதும் என்று ஜனங்கள் கிராமங்களுக்கு ஓடினார்கள். மில்களுக்கோ அப்போது நல்ல யோகம். முதல் உலகப் போரால் இங்கிலாந்துத் துணி வரத்து குறைந்திருந்தது. நெய்கிற துணியெல்லாம் லாபம். தறி நின்றால் நஷ்டம்.

ஆகவே ஊரைவிட்டுப் போகாமல் வேலைக்கு வரும் நெசவாளர்களுக்கு, கூலியில் 70, 80 சதவீதம் வரை கூடுதலாகக் கொடுத்தார்கள். இதுதான் பிளேக் படி. பாவு ஓட்டும் தொழிலாளர்களுக்கு இது கிடைக்கவில்லை. 1917 கடைசியில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்றவர் அனசூயா.

1918 தொடக்கத்தில் நோய் அடங்கியது. படியை நிறுத்தப்போவதாக மில் அதிபர்கள் அறிவித்தார்கள். இங்கேதான் சிக்கல். நோய் போனாலும், போரால் ஏறிய விலைவாசி இறங்கவில்லை. தானியம், துணி எல்லாமே விலை கூடியிருந்தது.

புரிவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் அடிப்படைக் கூலி 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதப் படியோடு கையில் வந்தது 17 ரூபாய். படி நின்றால் மறுபடி 10 ரூபாய். பஞ்சப்படியாக 50 சதவீதம், அதாவது 15 ரூபாயாவது வேண்டும் என்றார்கள் நெசவாளர்கள். 20 சதவீதம்தான், அதாவது 12 ரூபாய் என்றார்கள் முதலாளிகள்.

காந்தி எப்படி உள்ளே வந்தார்?

அனசூயா, காந்தியின் உதவியை நாடினார். காந்திக்கும் இது தர்மசங்கடமான விஷயம்தான். தீண்டத்தகாதவர் எனப்பட்ட குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதால் நன்கொடை நின்று ஆசிரமம் தடுமாறியபோது, ஓசைப்படாமல் 13,000 ரூபாய் கொடுத்து உதவியவர் அம்பாலால். இப்போது அதே அம்பாலாலை எதிர்க்கவேண்டிய நிலை.

முதலில் பேச்சுவார்த்தைக் குழு ஒன்று அமைந்தது. முதலாளிகள் தரப்பில் மூன்று பேர். தொழிலாளர்கள் தரப்பில் காந்தி, வக்கீலாக இருந்த வல்லபபாய் படேல், சங்கர்லால் பேங்கர். நடுவராக மாவட்ட கலெக்டர். ஆனால் சில மில்களில் தொழிலாளர்கள் அவசரப்பட்டு வேலையை நிறுத்த, அதைக் காரணம் காட்டி முதலாளிகள் குழுவிலிருந்து விலகினார்கள். காந்தி வருத்தம் தெரிவித்தும் அவர்கள் இறங்கிவரவில்லை.

அதன்பிறகு காந்தி தரப்பு மில்களின் லாபம், விலைவாசி, பம்பாய்க் கூலி எல்லாவற்றையும் அலசியது. 35 சதவீதம் நியாயம் என்ற முடிவுக்கு வந்தது. 50 கேட்டவர்களை 35-க்குச் சம்மதிக்க வைத்ததும் இந்தப் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

அக்கா ஒரு பக்கம், தம்பி மறுபக்கம்

1918 பிப்ரவரி 22 அன்று மில்கள் கதவடைத்தன. சாபர்மதிக் கரையில் ஒரு வேலமரத்தடியில் தினமும் சாயங்காலம் தொழிலாளர்கள் கூடினார்கள். அனசூயாவின் பெயரில் துண்டறிக்கைகள் வந்தன. பகலில் அவர் தொழிலாளர் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போனார்.

வேலை இல்லாதவர்களுக்கு ஆசிரமக் கட்டடப் பணியில் வேலை கொடுத்தபோது, ஆற்று மணலைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்த வரிசைக்கு முன்னால் நடந்தவர் அனசூயாதான். ஊரின் பெரிய மில் குடும்பத்துப் பெண் மண் சுமந்தார் என்றால், அன்றைக்கு அது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்பாலாலைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்குப் பணம் மட்டும் பிரச்னை இல்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவு அப்பா பிள்ளை உறவு மாதிரி, அதில் மூன்றாம் ஆள் தலையிடக்கூடாது என்பதுதான் முதலாளிகள் தரப்பின் நிலைப்பாடு. கொடுப்பதைக் கருணையாகக் கொடுப்போம், கேட்டு வாங்க விடமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். அக்கா எதிர்த்தது இந்த எண்ணத்தைத்தான்.

மார்ச் 12 அன்று, 20 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்பவர்களுக்குக் கதவு திறந்தது. பசி தாங்காமல் பலர் ஊசலாடினார்கள். காந்தியும் அனசூயாவும் காரில் வந்துபோகிறார்கள், அவர்களுக்கு என்ன கஷ்டம் என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அந்தப் பேச்சு காந்தியைத் தைத்தது. மார்ச் 15 அன்று உண்ணாவிரதத்தைத் தொடங்கினார்.

ஜெயித்தது யார்?

மூன்றாவது நாள் தாண்டி, மார்ச் 18 அன்று உடன்பாடு வந்தது. முதல் நாள் தொழிலாளர்கள் கேட்ட 35 சதவீதம். ரெண்டாம் நாள் முதலாளிகள் சொன்ன 20 சதவீதம். மூன்றாம் நாளிலிருந்து ரெண்டுக்கும் நடுவான 27.5 சதவீதம். கடைசி முடிவை நடுவர் சொல்வார். பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா நடுவரானார். சில மாதங்கள் கழித்து அவர் சொன்ன தீர்ப்பு 35 சதவீதம்.

இதில் குறை இல்லாமல் இல்லை. நண்பர்களான முதலாளிகளை உண்ணாவிரதம் நெருக்கடிக்கு உள்ளாக்கியது என்பதைக் காந்தியே ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு விஷயம் உறுதியானது. கூலித் தகராறை இனி முதலாளி மட்டும் தனியாகத் தீர்மானிக்க முடியாது.

ஆத்திரம் மட்டும் இருந்திருந்தால் அந்த வெற்றி அடுத்த வருஷமே கரைந்திருக்கும். 1920 பிப்ரவரி 25 அன்று மஜூர் மகாஜன் என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் முதல் தலைவர் அனசூயா. புகார்களை எழுத்தில் பதிவது, மத்தியஸ்தம் பேசுவது என்று பொறுமையான வேலைகளை அது செய்தது.

அதே 1918-ல் நம்ம பக்கம் என்ன நடந்தது?

அதே வருஷம் ஏப்ரல் 27 அன்று சென்னையில் பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதில் முன்னணியில் இருந்தார். ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு, 1918-ல் மதுரையில் பேசிய பேச்சுக்காக வழக்கைச் சந்தித்தார். அவருக்காக வாதாடியவர் அப்போது சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி. போர், விலைவாசி, அதே வருஷம் வந்த இன்ஃப்ளூயன்ஸா எல்லாம் சேர்ந்து கூலிப் பிரச்னையை நாடு முழுக்கத் தெருவுக்குக் கொண்டுவந்த காலம் அது.

2020-ல் திரும்பி வந்த கேள்வி

கொரோனா ஊரடங்கில் தறிச் சத்தம் நின்றபோது, அகமதாபாத்தின் பழைய கேள்வி மறுபடி வந்தது. நோய்க் காலத்துச் சுமை யார் தலையில்? ஊரடங்கு நாட்களுக்கும் கூலியைப் பிடிக்காமல் தரவேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. மே 18-லிருந்து அந்த உத்தரவு இல்லாமல் போனது. பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூன் 12 அன்று நீதிமன்றம் சொன்னது. சங்கம் இல்லாதவர்கள் யாரிடம் போய்ப் பேசுவது?

குஜராத் அரசு 2020 ஏப்ரலில், மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி இல்லாமலே தொழிற்சாலைகளில் 12 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று அறிவித்தது. ஒரு தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்து, மிகைநேரக் கூலியைக் கொடுக்கச் சொன்னது. 2023-ல் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியபோதும் பெரிய எதிர்ப்பு கிளம்பி, அரசு அதைத் திரும்பப் பெற்றது.

நாமக்கல் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பல தறி உரிமையாளர்கள், பெரிய வியாபாரிகளிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள். அவர்கள் கையிலும் மிச்சம் குறைவு. மேலே இருப்பவர் கூலியைக் குறைத்தால், கடைசியில் அது தறி ஓட்டுகிறவர் தலையில்தான் விடிகிறது.

கணக்கில் வராதவர்கள்

அனசூயா 1972 நவம்பர் 1 அன்று காலமானார். அதே வருஷம் ஏப்ரலில், அவர் தொடங்கிய சங்கத்திலிருந்து இன்னொரு சங்கம் கிளைத்தது. இலா பட் உருவாக்கிய சேவா. மில் கதவுக்கு வெளியே, வீட்டிலும் தெருவிலும் உழைக்கும் பெண்களுக்கான சங்கம். மில் தொழிலாளிக்குக் கிடைத்த சதவீதம் இவர்களை எட்டவே இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

சேலத்தில் வீட்டில் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோர்க்கும் பெண்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்குக் கதவடைப்பு அறிவிப்பு வராது, வேலை வராது, அவ்வளவுதான். ஊரடங்கின்போது தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு அரசு அறிவித்த 1,000 ரூபாய், நலவாரியத்தில் பெயர் பதிந்தவர்களுக்குத்தான் போனது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கூலி வேலை பார்ப்பவர் இருந்தால், நலவாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.