கார்போரண்டம் தந்த ஆச்சிசன்

உலோகத்தோடு உலோகம் உராய்ந்தால் தேய்வு நிச்சயம். உழவரின் கொழு முதல் நம் ஓசூர் ஆலைகளில் உருவாகும் வண்டிகளின் எஞ்சின் வரை எதற்கும் விலக்கில்லை. அத்தேய்வைத் தடுக்க உதவும் ஓர் அரும்பொருளை உலகுக்கு அளித்தவர் எட்வர்டு குட்ரிச் ஆச்சிசன். வேதியியல் மாணவனாகிய நான் அவர் வரலாற்றில் படித்து வியந்தவற்றை இங்கே தருகிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1856ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றது. தந்தை மறைந்தபின் குடும்பத்துக்காகக் கிடைத்த வேலைகளைச் செய்தார். மின்னியலைத் தாமே பயின்றார். 1880இல் எடிசனிடம் சேர்ந்து, 1884இல் விலகினார்.

செயற்கை வைரம் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1891இல் மோனோங்ககீலா என்னும் ஊரில் களிமண்ணையும் கல்கரித் தூளையும் ஓர் இரும்புச் சட்டியில் இட்டு மின்சாரம் பாய்ச்சினார். ஆறியபின் பார்த்தால் வைரம் இல்லை. கரிமுனையில் மின்னும் துகள்கள் சில ஒட்டியிருந்தன. அவற்றை அவர் உதறிவிடவில்லை. கண்ணாடியில் கீறிப் பார்த்தார், கண்ணாடி கீறுபட்டது. கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என எண்ணி, கார்போரண்டம் எனப் பெயரிட்டார். குருந்தக் கல்லின் ஆங்கிலப் பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதை எண்ணி மகிழலாம். ஆனால் உண்மையில் அப்பொருள் சிலிக்கன் கார்பைடு. கடினத்தில் வைரத்துக்குச் சற்றே கீழானது.

1893இல் காப்புரிமை கிடைத்தது. செய்த சரக்கில் பாதிகூட விலைபோகாத நிலையில், நயாகரா அருவியின் மின்சாரத்தை நம்பி அங்கே பெரிய ஆலை எழுப்பத் துணிந்தார். இயக்குநர்கள் அஞ்சி விலகினர். 1895இல் ஆலை இயங்கியது. ஆயினும் கம்பெனி பின்னர் மெல்லன் குடும்பத்தார் கைக்குப் போயிற்று. அவர் தளரவில்லை. கார்போரண்டத்தை மேலும் சூடேற்றியபோது சிலிக்கன் ஆவியாகித் தூய கிராபைட்டு எஞ்சியது. அதை எண்ணெயில் கலந்து உராய்வைக் குறைக்கும் மசகாக்கினார். 1931 ஜூலை 6ஆம் நாள் மறைந்தார்.

அவர் தொடங்கிய கம்பெனியின் கூட்டுறவோடு 1954இல் சென்னையில் முருகப்பா குழுமத்தாரின் கார்போரண்டம் யுனிவர்சல் பிறந்தது. அதன் தொழிற்பீங்கான் ஆலை நம் ஓசூரிலேயே உள்ளது.

சாணைக்கல்லாக உலோகத்தைத் தேய்த்த அத்துகளே பின்னாளில் உலோகத்தின் காவலாயிற்று. 1967இல் ஜெர்மனியின் மாலே நிறுவனம் நிக்கல் முலாமோடு சிலிக்கன் கார்பைடுத் துகள்களையும் சேர்த்துப் படியவைத்து, எஞ்சினின் உட்சுவருக்குப் பூச்சாக்கியது. நிக்கல் பிடித்துக்கொள்ள, துகள்கள் உராய்வின் சுமையைத் தாங்குகின்றன. அதனால் மென்மையான அலுமினியச் சுவரும் நெடுங்காலம் உழைக்கிறது. ஆச்சிசன் இதைக் காணவில்லை.

மாணவ நண்பர்களே, தேடிய வைரம் கிடைக்கவில்லை என்று அவர் அந்தச் சட்டியைக் கவிழ்த்திருந்தால் இவையெல்லாம் ஏது? ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, குடுவையைக் கழுவுமுன் அடியில் தங்கியதை ஒருமுறை உற்று நோக்குவோம்.