73-ஐ நிறுவிய பிள்ளை: கெய்ரோவில் முடிந்த கணிதப் பயணம்

புது தில்லி: 1950 ஆகஸ்ட் 31. பம்பாயிலிருந்து நியூயார்க் செல்லும் வழியில் கெய்ரோவில் இறங்கி மீண்டும் புறப்பட்ட அமெரிக்க விமானம் தீப்பற்றிப் பாலைநிலத்தில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர், ஹார்வர்டில் முந்தைய நாள் தொடங்கிவிட்ட உலகக் கணித மாநாட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பிரதிநிதியாகச் சென்றுகொண்டிருந்த எஸ்.எஸ். பிள்ளை. அப்போது அவருக்கு வயது 49.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5-இல் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, ஒரு வயதில் தாயையும் பள்ளிப் பருவத்தில் தந்தையையும் இழந்தவர். ஆசிரியர் ஒருவரின் ஆதரவால் படிப்பைத் தொடர்ந்து, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

அங்கு அவர் கையிலெடுத்தது, 1770-இல் இங்கிலாந்தின் வாரிங் எழுப்பிய வினா. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். கனங்களாயின் ஒன்பது போதும். உயர்ந்த அடுக்குகளுக்கு எத்தனை தேவை? 703 என்ற எண்ணை ஆறாம் அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம். மூன்றின் ஆறாம் அடுக்கு 729 ஆதலால் அது உதவாது. இரண்டின் ஆறாம் அடுக்கான 64-ஐப் பத்து முறையும், ஒன்றை 63 முறையும் கூட்டியாக வேண்டும், ஆக 73. எந்த எண்ணுக்கும் இந்த 73-க்கு மேல் தேவைப்படாது என்று 1940-இல் நிறுவினார் பிள்ளை.

அதற்கு முன்பே, 1930-களின் நடுவில், உயரடுக்குகளுக்கான பொது விதியையும் அவர் கண்டிருந்தார். சிகாகோவின் டிக்சன் தனியே அதே முடிவை எட்டினார். வசதி மிகுந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஈடாக, அடிமை நாட்டின் சிதம்பரத்திலிருந்து ஒருவர் முடிவு கண்டார் என்பது சிறிய செய்தியன்று. ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ஐத் தேசிய கணித நாளாகக் கொண்டாடும் தில்லி, இவரையும் அன்று நினைப்பது முறை.

1941-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பிள்ளையை, மறு ஆண்டே கல்கத்தா அழைத்துக்கொண்டது. அழைத்தவர், நாஜி ஆட்சியில் வேலை பறிக்கப்பட்டு இந்தியா வந்திருந்த ஜெர்மானியப் பேராசிரியர் லெவி. பின்னர் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனமும் ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய அழைத்தது. அந்த ஆண்டு வாய்க்கவேயில்லை.

ஆறாம் அடுக்கைப் பிள்ளை முடித்துவிட்ட பிறகும், அதனினும் சிறிய அடுக்குகள் எஞ்சியிருந்தன. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதைச் சீனாவின் சென் ஜிங்ருன் 1964-இல் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 என்பதை, பிரெஞ்சு அறிஞர் இருவருடன் சேர்ந்து 1986-இல் நிறுவியவர் ஆர். பாலசுப்பிரமணியன். பிள்ளையின் கட்டுரைகள் முழுமையாகத் தொகுக்கப்பட்டு 2010-இல்தான் நூலாயின. தொகுப்பாசிரியர்களில் ஒருவர் அதே பாலசுப்பிரமணியன்.