சாய்தளம் கண்ட கலிலியோ

திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை அடுத்துள்ள அகரத்தின் தோட்டங்களில் முன்னாளில் கமலை கொண்டு நீர் இறைத்தனர். கிணற்றை ஒட்டித் தடம் ஒன்று சரிவாக வெட்டப்பட்டிருக்கும். எருதுகள் அச்சரிவில் இறங்கி நடக்க, வடம் உருளையின் மேல் ஓடும். நீர் நிறைந்த சால் மேலே எழும். சமதரையில் நடந்து இழுப்பதைக் காட்டிலும் சரிவில் இறங்கி இழுப்பது எருதுக்கு எளிது. அதன் உடல் எடையே இழுவைக்குத் துணையாகின்றது. எழுத்தறியா உழவரும் இதனை அறிந்திருந்தனர். உருளை கிறீச்சிட்டால் அச்சுக்கு எண்ணெய் இடவேண்டும் என்பதையும், நிலையில் நிற்கும் தேரைப் பெயர்ப்பதற்கு வேண்டும் வலிமை ஓடும் தேரை இழுப்பதற்கு வேண்டுவதில்லை என்பதையும் நம் ஊரார்க்கு எவரும் ஏட்டில் எழுதிக் கற்பிக்கவில்லை.

ஆயினும், அறிதல் வேறு; அளத்தல் வேறு. இத்துணைச் சரிவுக்கு இத்துணை எளிமை, இத்துணைக் காலத்துக்கு இத்துணைத் தொலைவு என்று அளந்து, அதனைக் கணக்கில் அமைத்துக் காட்டியவர் இத்தாலி நாட்டில் தோன்றிய கலிலியோ கலிலி என்பார். இயக்கம், விசை, உராய்வு என்னும் தலைப்புகளில் இன்று நீங்கள் பள்ளியில் செய்யும் கணக்குகளின் வேரைத் தேடிச் சென்றால், அவ்வேர் அவருடைய சாய்பலகையில் சென்று முடியும்.

கலிலியோ 1564ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் பைசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ இசைவாணர். நரம்புக் கருவி வாசிப்பதில் வல்லவர். நரம்புகளில் எடைகளைத் தொங்கவிட்டு ஒலியின் வேறுபாட்டைச் சோதித்துப் பார்த்தவர். முன்னோர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளாது, கையால் செய்து காணும் பழக்கம் மைந்தர்க்கு இவ்வழியே வந்தது போலும். மருத்துவம் கற்றால் பொருள் வரும் என்று எண்ணிய தந்தை 1581இல் மகனைப் பைசாப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பித்தார். மகன் மனமோ மருத்துவத்தில் செல்லவில்லை. ஒஸ்தீலியோ ரிச்சி என்னும் ஆசிரியர் வடிவக் கணிதம் கற்பித்தார். கலிலியோ அதில் ஆழ்ந்தார். 1585இல் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார்.

பட்டம் பெறாத அவரே நான்கு ஆண்டுகளின் பின் அதே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராய் அமர்ந்தார். ஊதியம் ஆண்டுக்கு 60 வெள்ளி நாணயம். மருத்துவம் கற்பித்தோர் பெற்றதை நோக்க இது மிகச் சிறிது. 1591இல் தந்தை இறந்தார். மூத்த மகனாதலின் குடும்பப் பாரம் முழுவதும் அவர்மீது விழுந்தது. தங்கையின் திருமணச் சீருக்குப் பட்ட கடன் அவரைப் பல்லாண்டுகள் வருத்தியது. 1592இல் பாதுவாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்கு 18 ஆண்டுகள் பணியாற்றினார். ஊதியம் போதாமையால் மாணவர் சிலரைத் தம் இல்லத்தில் தங்கவைத்து உணவளித்துப் பொருள் பெற்றார். கணக்கிடும் கருவி ஒன்றைச் செய்வித்து விற்றார். இவ்விடுக்கண்களின் நடுவேதான் அவர்தம் பேராராய்ச்சி நிகழ்ந்தது.

அக்காலத்தே ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலின் கொள்கை கோலோச்சியது. எடை மிக்க பொருள் விரைந்து விழும். எடை குறைந்தது மெல்ல விழும். பத்து மடங்கு எடையுடையது பத்து மடங்கு விரைவாக விழும் என்பது அக்கொள்கை. கலிலியோ இதனைத் தருக்க முறையால் மடக்கினார். பெரிய கல் ஒன்றையும் சிறிய கல் ஒன்றையும் கயிற்றால் பிணைத்து விடுவோம். சிறிய கல் மெல்ல விழுவதாயின், அது பெரிய கல்லைப் பின்னின்று தடுக்கும். ஆதலின் இரண்டும் பெரிய கல்லினும் மெதுவாக விழவேண்டும். ஆயின், இரண்டும் சேர்ந்த பொருள் பெரிய கல்லினும் எடை மிக்கது. ஆதலின் அதனினும் விரைவாகவும் விழவேண்டும். ஒரே பொருள் ஒரே காலத்தில் மெதுவாகவும் விரைவாகவும் விழுதல் யாங்ஙனம்? காற்றின் தடை இல்லையாயின் எல்லாப் பொருளும் ஒருங்கே விழும் என்பதே முடிபு. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அப்பல்லோ 15 கலத்தில் சென்ற டேவிட் ஸ்காட் என்பார், காற்றில்லாத நிலவின் தரையில் சுத்தியலையும் பறவை இறகையும் ஒருசேரக் கைவிட, அவை ஒருசேரத் தரையைத் தொட்டன.

பைசாவின் சாய்ந்த கோபுரத்து உச்சியிலிருந்து பலர் காணக் குண்டுகளை எறிந்து அவர் இதனை மெய்ப்பித்தார் என்னும் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது அவர்தம் இளைய மாணவர் விவியானி பின்னாளில் எழுதிய வரலாற்றில் வருவது. கலிலியோ தாம் எழுதியவற்றில் அதனை யாண்டும் குறிக்கவில்லை. ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஐயுறுகின்றனர். கதை இனியது, எனினும் அவருடைய உண்மையான உழைப்பு கோபுரத்தில் இல்லை, பலகையில் இருக்கின்றது.

விழும் பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் தரையைச் சேர்ந்துவிடும். அதனை அளப்பதற்கு ஏற்ற கடிகாரம் அன்று இல்லை. எனவே விழுதலை மெதுவாக்க அவர் வழி தேடினார். பொருளை நேரே விழவிடாமல் சரிவில் உருளவிட்டால் அதே இயக்கம் தளர்நடையில் நிகழும் அன்றோ? ஏறத்தாழ 23 அடி நீளமுள்ள மரச்சட்டம் ஒன்றை எடுத்தார். அதன் முகத்தில் விரலகலத்துக்குச் சற்று மிகுதியாக நேரான பள்ளம் ஒன்றை வெட்டுவித்தார். பள்ளத்தை வழவழப்பாக இழைத்து, மெருகிட்ட தோல்தாளை அதனுள் ஒட்டினார். உருட்டுவதற்கு எடுத்த வெண்கலக் குண்டும் நன்கு உருட்சியாய் மெருகேறியது. உராய்வு என்னும் பகைவன் இருப்பதை அறிந்து, அவனை இயன்றவரை விலக்கி வைக்கவே இத்துணை முயற்சி. சட்டத்தின் ஒரு முனையை ஓரிரு முழம் உயர்த்திக் குண்டை உருளவிட்டார்.

காலத்தை அளக்க அவர் கண்ட வழி நம்மவர்க்குப் புதிதன்று. நம் முன்னோர் நாழிகை வட்டில் கொண்டு நீரால் பொழுதை அளந்தவர்கள். பெரிய கலம் ஒன்றில் நீரை நிரப்பி, அதன் அடியில் மெல்லிய குழாய் அமைத்தார். குண்டு உருளத் தொடங்கும்போது குழாயைத் திறந்து, நின்றவுடன் மூடி, கிண்ணத்தில் சேர்ந்த நீரை நுண்ணிய தராசில் நிறுத்தார். நீரின் எடையே காலத்தின் அளவு. ஒருமுறை இருமுறை அன்று. ஒவ்வோர் அளவையும் நூறு முறை செய்து பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

விளைவு வியப்புக்குரியது. முதல் வினாடியில் குண்டு ஒரு சாண் உருண்டது எனக் கொள்வோம். இரண்டாம் வினாடியில் அது 3 சாணும், மூன்றாம் வினாடியில் 5 சாணும், நான்காம் வினாடியில் 7 சாணும் உருளும். கூட்டிப் பாருங்கள்: இரண்டு வினாடியில் 4 சாண், மூன்று வினாடியில் 9 சாண், நான்கு வினாடியில் 16 சாண். காலத்தின் வர்க்கம் எவ்வாறு பெருகுகின்றதோ அவ்வாறே தொலைவும் பெருகுகின்றது. சரிவைக் கூட்டினாலும் குறைத்தாலும் இவ்விகிதம் மாறவில்லை.

இங்கே மாணவர் கருதத்தக்க ஒன்று உண்டு. 1604இல் வெனிசு நகரத்து நண்பர் பாவ்லோ சார்ப்பி என்பார்க்குக் கலிலியோ எழுதிய மடலில் இவ்விதியைச் சரியாகவே கூறினார். ஆனால் அதற்குக் காட்டிய காரணம் தவறு. கடந்த தொலைவுக்கேற்ப விரைவு வளர்கின்றது என்று அவர் அப்போது எண்ணினார். அஃது உண்மையாயின், புறப்படும் இடத்தில் கடந்த தொலைவு ஒன்றும் இல்லாமையால் விரைவும் ஒன்றும் இராது. பொருள் அங்கிருந்து அசையவே அசையாது. பின்னர்த் தம் பிழையைத் தாமே கண்டு, விரைவு வளர்வது காலத்துக்கேற்பவே எனத் திருத்தினார். விடை சரியாயிருக்க, வழி தவறாயிருத்தலைக் கணக்கு ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். அவ்வாறான விடைத்தாளை மீளத் திருத்த எத்துணைப் பேர்க்கு மனம் வரும்?

சரிவில் பாரம் ஏற்றுவதற்கும் அவர் கணக்குக் கண்டார். 20 அடி நீளத்துக்கு 2 அடி உயரும் குளக்கரையில் 700 கிலோ நிறையுள்ள பாரவண்டியை ஏற்றவேண்டும் எனக் கொள்க. உயரம் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆதலின், எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 70 கிலோவின் எடைக்கு நிகரான இழுவிசை வண்டியைச் சரிவில் தாங்கும். உராய்வுக்கென மேலும் சிறிது கூட்ட, வண்டி ஏறும். கரையைச் செங்குத்தாக அமையாது நீளச் சரிவாக நம்மவர் அமைத்ததன் நுட்பம் இதுவே. அச்சுக்கு மசகு இட்டால் கூட்டவேண்டிய அளவு குறையும்.

இனி, சரிவைப் படிப்படியாகக் குறைத்துச் சமதளமாக்கினால் குண்டு என்னாகும் என்று அவர் சிந்தித்தார். இறங்கு சரிவில் குண்டின் விரைவு வளர்கின்றது. ஏறு சரிவில் தளர்கின்றது. இரண்டும் இல்லாத சமதளத்தில் வளரவும் வேண்டா, தளரவும் வேண்டா. தடை ஒன்றும் இல்லையாயின் குண்டு ஓடிக்கொண்டே இருக்கும். இழுப்பவர் விட்டால் வண்டி நின்றுவிடுகின்றது. ஆதலின் நிற்பதே பொருளின் இயல்பு என்று ஈராயிரம் ஆண்டுகளாக எண்ணியிருந்தனர். நிற்கச் செய்வது இயல்பன்று, உராய்வும் காற்றுத்தடையுமே என்பது கலிலியோவின் முடிபு. பின்னாளில் நியூட்டன் வகுத்த முதல் இயக்க விதிக்கு இதுவே அடிமனையாயிற்று. உராய்வின் அளவை அவர் கணக்கிட்டாரில்லை. அது 1699இல் அமோந்தோன், 1781இல் கூலோம் என்னும் பிரெஞ்சு நாட்டறிஞர் இருவரால் தெளிவுற்றது. தம் குண்டு வழுக்கிச் செல்லாமல் உருண்டு செல்வதற்கும் உராய்வே காரணம் என்பதும், அவ்வுருட்சியால் அதன் விரைவு ஒரு பங்கு குறைகின்றது என்பதும் கலிலியோவின் கணக்கில் இடம்பெறவில்லை. ஆயினும் எல்லா அளவுகளிலும் அக்குறை ஒரே விகிதத்தில் அமைந்தமையால் விதி பிழைபடவில்லை.

1609இல் தொலைநோக்கி செய்து வானை நோக்கியதும், 1610இல் வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டதும் உலகறிந்தவை. அப்புகழே துன்பத்துக்கும் வித்தாயிற்று. ஞாயிற்றைப் புவி சுற்றுகின்றது என்னும் கொப்பர்நிக்கசின் கொள்கையை ஆதரித்து 1632இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். உரோமாபுரியில் சமய நீதிமன்றம் அவரை வரவழைத்தது. 1633ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள், 69 வயது முதியவராகிய அவர் மண்டியிட்டுத் தம் கொள்கையைக் கைவிடுவதாக வாசித்தார். அவர் பணிந்ததைக் கோழைமை என்பாரும் உளர். அவர்தம் முதுமையையும் நோயையும், இன்னும் எழுதி முடிக்காதிருந்த இயக்க ஆராய்ச்சியையும் எண்ணிப் பார்ப்போர் அவ்வாறு சொல்லத் துணியார். அத்தீர்ப்பில் நேர்ந்த பிழையை 1992இல் போப் இரண்டாம் யோவான் பவுல் ஏற்றுரைத்தார்.

வாணாள் முழுதும் வீட்டுக் காவல் எனத் தீர்ப்பாயிற்று. புளோரன்சு நகருக்கு அண்மையில் ஆர்செத்ரி என்னும் சிற்றூரில் அவர் இல்லம் இருந்தது. அவ்வூர்க் கன்னிமாடத்தில் அவர்தம் மூத்த மகள் துறவு பூண்டு வாழ்ந்தார். தந்தைக்குத் தண்டனையாக விதிக்கப்பட்ட வழிபாட்டைத் தாமே மேற்கொண்டு செய்தார். தந்தை இல்லம் மீண்ட நான்காம் திங்களில், 1634ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், அம்மகள் 33ஆம் அகவையில் மறைந்தார். கலிலியோ உறங்காது வருந்தினார். ஆயினும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. இளமையில் பாதுவாவில் எடுத்த அளவுகளையெல்லாம் மீண்டும் திரட்டி, மூவர் உரையாடும் முறையில் ஒரு நூல் யாத்தார். இரு புதிய அறிவியல்கள் பற்றியது அந்நூல். ஒன்று பொருள்களின் வலிமை, மற்றொன்று இயக்கம். விழும் பொருள், சாய்தளம் ஆகியவை பற்றி மட்டும் அதில் 22 தேற்றங்களும் 16 கணக்குகளும் உள்ளன. எறிபொருள் பரவளைவுப் பாதையில் செல்லும் என்பதும் அதில் நிறுவப்பட்டது.

இத்தாலியில் அதனை அச்சிட இசைவு இல்லை. ஆலந்து நாட்டு லைடன் நகரத்து அச்சகத்தார் எல்செவியர் துணிந்து ஏற்றனர். 1638இல் நூல் வெளிவந்தது. அச்சேறி வந்த நூலைக் கையால் தடவிப் பார்க்கும் பேறே கலிலியோவுக்கு வாய்த்தது. 1637இல் தொடங்கி இரு கண்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளி இழந்திருந்தன.

1639இல் 17 வயது இளைஞராகிய விவியானி அவரிடம் வந்து சேர்ந்தார். கண்ணற்ற ஆசிரியர்க்குக் கண்ணாய் இருந்து, படித்துக் காட்டினார். சொல்லச் சொல்ல எழுதினார். 1641இல் தொரிசெல்லி என்பாரும் வந்து உடன் தங்கினார். பாதரசக் காற்றழுத்தமானியைப் பின்னர்க் கண்டவர் இவரே. 1642ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் கலிலியோ உயிர் நீத்தார். தீர்ப்புப் பெற்றவராதலின் பெருஞ்சிறப்புடன் அடக்கம் செய்ய இசைவு கிட்டவில்லை. புளோரன்சு நகரத்துத் திருச்சிலுவைக் கோயிலில் சிறிய அறை ஒன்றில் உடலை வைத்தனர். ஆசிரியர்க்கு நினைவுமண்டபம் எழுப்பவேண்டும் என்று விவியானி வாணாள் முழுதும் முயன்று, அதன்பொருட்டுத் தம் பொருளையும் எழுதிவைத்து 1703இல் இறந்தார். 1737இல் அம்மண்டபம் கோயிலின் பெருங்கூடத்தில் அமைந்தது. ஆசிரியரின் எலும்புகளோடு மாணவரின் எலும்புகளையும் அங்கே கொண்டுவந்து வைத்தனர்.